தண்ணீருக்கு மேலே எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். ஏரியில் மிதக்கும் மேடைகளில் நின்றுதான் படகு ஏறுகிறோம், குழந்தைகளையும் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறோம். ஆனால் பராமரிப்பு என்று வந்தால், மேல் பலகைக்கு வார்னிஷ் அடிப்பதோடு பல இடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. நம்மைத் தாங்குவது அடியில் இருக்கும் மிதவைகள். அவற்றை யார் பார்ப்பது?

ஒரு அளவுகோல் இருந்தாலே நிறையத் தெரிந்துவிடும். காற்றில்லாத நேரத்தில், மேடையில் ஆளும் சாமானும் இல்லாதபோது, படகில் இருந்தபடி நான்கு மூலைகளிலும் தண்ணீருக்கு மேலே மேடை எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள். சில மாதம் கழித்து மறுபடி அளங்கள். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள பெட்டி மிதவை 1 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்திருந்தால், ஏறக்குறைய 60 கிலோ சுமை ஏறியிருக்கிறது என்று கணக்கு. பலகை ஊறியிருக்கலாம், மிதவைக்குள் தண்ணீர் கசிந்திருக்கலாம். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால், முதலில் அந்த மூலை மிதவையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

உறையில்லாத தெர்மாகோல் மிதவைகளை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. உதிர்ந்து ஏரியில் கலக்கும். பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும்.

அப்புறம், மேடை நகராமல் ஏரித் தரையோடு பிணைத்திருக்கும் சங்கிலி. மேலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். ஏரித் தரையில் விழுந்தும் எழுந்தும் உரசுகிற பகுதிதான் சீக்கிரம் தேயும். அங்கே, கண்ணியோடு கண்ணி உட்காருகிற வளைவில் கம்பியின் கனத்தை அளக்க வேண்டும். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது சங்கிலி விறைத்து மேடையைக் கீழே இழுக்கிறதா என்பதையும் பாருங்கள். இரும்பு மிதவையானால், நீர்மட்டக் கோட்டை ஒட்டிய பகுதியில் துருவைத் தேடுங்கள். இரும்புக்கு வரும் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கரைவதற்காக ஒரு உலோகக் கட்டியைப் பொருத்துவார்கள். கடலில் துத்தநாகம் சரி, நன்னீருக்கு மக்னீசியம்தான் பொருந்தும்.

மேடையில் விளக்கு இருந்தால், தயவுசெய்து இதைக் கேளுங்கள். நன்னீரைவிட மனித உடலில் மின்சாரம் எளிதாகப் பாயும். மின்கசிவு சிறிதாக இருந்தாலும் நீந்துகிறவரின் கைகால் செயலிழந்துவிடலாம், கூப்பிடக்கூட முடியாமல் மூழ்கிவிடலாம். அதனால் ஆய்வுக்கு யார் தண்ணீரில் இறங்கினாலும் முதலில் கரையிலேயே மெயின் சுவிட்சை அணையுங்கள். மேடைக்கு அடியில் தனியாக யாரையும் அனுப்பாதீர்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி கட்டாயம் வேண்டும். அதிலிருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். துண்டிக்கவில்லையென்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.

நன்றி, வணக்கம்.