இன்னொரு எர்த் ராடு அடிக்கட்டுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு ரெண்டு நாளா என்னை விடவே இல்ல. அப்படியே படிக்கிறேன். "சார், சின்னதா ஒரு சி.என்.சி. ரவுட்டர் நானே செஞ்சிருக்கேன். ஸ்பிண்டிலை வி.எஃப்.டி.யில ஓட்டுறேன். ஸ்பிண்டில் நிக்கும்போது எல்லாம் சரியா இருக்கு. ஓட ஆரம்பிச்சதும், யாரும் தொடாத லிமிட் ஸ்விட்ச் அடிச்ச மாதிரி அலாரம் வந்து மெஷின் நின்னுடுது. ஷீல்டு கேபிள்தான் போட்டிருக்கேன். மெஷினுக்குன்னு தனியா எர்த் ராடும் அடிச்சேன். அலாரம் குறையல. இன்னொரு ராடு அடிக்கட்டுமா?"

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: சி.என்.சி. ரவுட்டர்னா கம்ப்யூட்டர் சொல்றபடி செதுக்குற மெஷின், ஸ்பிண்டில்னா அதுல வெட்டுற முனையைச் சுத்துற மோட்டார், வி.எஃப்.டி.னா அந்த மோட்டாரோட வேகத்தை மாத்துற டிரைவ், லிமிட் ஸ்விட்ச்னா மெஷின் எல்லையைத் தாண்டாம நிறுத்துற ஸ்விட்ச், ஷீல்டுனா கேபிளுக்குள்ள வயர்களைச் சுத்தி இருக்கிற உலோக வலை, எர்த் ராடுனா மண்ணுல இறக்குற எர்த் கம்பி. இப்ப பதில்: வேண்டாங்க. அடிச்ச முதல் ராடையே தனியா விட்டு வைக்காதீங்க. அந்த ஆபத்தைக் கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

இப்படி வயர்ல வேண்டாம புகுந்து மெஷினை ஏமாத்துற கரண்டைத்தான் நாய்ஸ்னு சொல்றோம். அதைப் பத்தி நிறைய பேர் மனசுல ஒரு படம் இருக்கு. நாய்ஸ்னா அழுக்குத் தண்ணி, எர்த்னா சாக்கடை. சாக்கடையைப் பெருசா வெட்டினா அழுக்கு தானா ஓடிடும்னு நினைக்கிறோம். ஆனா கரண்ட் எங்கேயும் போய்த் தொலையறதே இல்ல. எங்கிருந்து கிளம்புச்சோ அங்கேயே திரும்பி வந்தாகணும். கெப்பாசிட்டர் பத்தின வீடியோவுலயும் இதைத்தான் சொன்னேன், இன்னைக்கும் அதையேதான் சொல்லப்போறேன். உங்க நாய்ஸ் பொறந்த வீடு மண்ணு இல்ல, வி.எஃப்.டி. அங்கதான் அது திரும்பிப் போகத் துடிக்குது.

எப்படிப் பொறக்குதுன்னு பாருங்க. 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் டிரைவ்னா உள்ள டி.சி. பஸ், அதாவது ஏ.சி.யை டி.சி.யா மாத்தி வெச்சிருக்கிற இடம், சுமார் 325 வோல்ட். டிரைவ் அந்த 325 வோல்ட்டை ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை போட்டுப் போட்டு எடுக்குது. ஒவ்வொரு தடவையும் 0.1 மைக்ரோ செகண்டுல வோல்டேஜ் எகிறுதுன்னு வைங்க. மோட்டார் வைண்டிங்குக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவுல இருக்கிற இன்சுலேஷன் ஒரு கெப்பாசிட்டர் மாதிரிதானே? கேபிளையும் சேர்த்து வெறும் 1 நானோ ஃபாரட்னு எடுத்துக்கிட்டாலே, அந்த ஒரு கணத்துல 3 ஆம்பியருக்கு மேல கரண்ட் பாடிக்குப் பாயுது. இன்சுலேஷன் பழுதே இல்லாம!

அந்த 3 ஆம்பியர் வீடு திரும்ப வழி தேடும். மோட்டார் கேபிளோட ஷீல்டு நல்ல பாதையா இருந்தா, சத்தம் போடாம அதுலயே திரும்பிடும். இல்லேன்னா மெஷின் ஃபிரேம்ல ஏறி, லிமிட் ஸ்விட்ச் கேபிள்ல புகுந்து, கண்ட்ரோலரோட 0 வோல்ட் வழியா ஊரெல்லாம் சுத்திட்டு வரும். நீங்க பார்க்கிற அலாரம் அந்த ஊர்வலம்தான்.

கேள்வி கேட்ட நண்பர் அனுப்பின போட்டோவுல மோட்டார் கேபிள் ஷீல்டோட ரெண்டு முனையிலயும் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிசா ஒரு வயர் முறுக்கி, லக் போட்டு எர்த் பண்ணியிருக்காரு. மல்டிமீட்டர் வெச்சா பூஜ்யம் ஓம்தான் காட்டும். ஆனா வயர் நீளம் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் சேரும். 0.1 மைக்ரோ செகண்டுல எகிற அலையில 3 மெகா ஹெர்ட்ஸ் வரைக்கும் நல்ல பலம் இருக்கும். அந்த வேகத்துல 15 சென்டிமீட்டர் வயர் கிட்டத்தட்ட 3 ஓம். 3 ஆம்பியர் அதுல ஓடினா 9 வோல்ட் கிட்ட எழும்பும், அதுவும் ஒரு முனைக்கு மட்டும். உங்க லிமிட் ஸ்விட்ச் இன்புட் 5 வோல்ட். வேறென்ன நடக்கும்?

அதே கணக்கை ராடுக்குப் போடுங்க. ராடுக்குப் போற வயர் 5 மீட்டர்னா அந்த வேகத்துல 95 ஓம் கிட்ட வருது. நாய்ஸைப் பொறுத்தவரைக்கும் அங்க ராடே இல்ல.

ஒரு பேக்கிங் மெஷின் எனக்குப் பெரிய பாடம். சுழற்சியை எண்ணிச் சொல்ற என்கோடரோட கவுண்ட் நழுவிக்கிட்டே இருந்துச்சு. நான் ரெண்டு நாள் புரோகிராமைத்தான் நோண்டினேன். மூணாவது நாள் பேனலைத் திறந்து நிதானமாப் பார்த்தா, வயரிங் பண்ணினவர் ஷீல்டு எர்த் வயரை ஸ்குரூ டிரைவர்ல சுத்தி ஸ்பிரிங் மாதிரி அழகா விட்டிருக்காரு. சுத்தமான கைவேலைங்க, பார்க்கவே நல்லா இருந்துச்சு. ஆனா சுருள்னாலே இண்டக்டர். அதை வெட்டிட்டு, கேபிளோட மேல் உறையை மட்டும் வட்டமா சீவி, ஷீல்டு வலையை முழுச் சுத்தும் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி மெட்டல் கிளாம்ப் போட்டேன். பேக் பிளேட்ல பெயிண்ட் இருந்துச்சு, அதையும் சுரண்டி எடுத்தேன். கவுண்ட் நழுவுறது அன்னிக்கே நின்னுது.

அதனால ராடைப் பத்தின கேள்வியை விடுங்க. "என் கரண்ட் எந்த வழியா வீடு திரும்புது?" இதைக் கேளுங்க. இதை நீங்க கேட்டிருந்தா ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். பேனலைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் நான் விரலை வெச்சு அந்தப் பாதையைத் தொட்டுப் பார்ப்பேன், டிரைவ்ல இருந்து மோட்டார் வரைக்கும், அங்கிருந்து திரும்பவும் டிரைவ் வரைக்கும். சப்ளையை ஆஃப் பண்ணி, டிரைவ் மேல எழுதியிருக்கிற நேரம் வரைக்கும் காத்திருந்து, உள்ள கெப்பாசிட்டர் இறங்கின பிறகுதான். இதுல அவசரமே கூடாது.

இப்ப அந்த ஆபத்து. மெயின் எர்த்தோட சேராத தனி ராடு. ராடுக்கு 10 ஓம், சப்ளை பக்கத்து எர்த்துக்கு 10 ஓம்னு வைங்க. ஃபேஸ் வயர் பாடியில பட்டா 230 வோல்ட்டுக்கு 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் பிரேக்கர் விழாது. மெஷின் பாடி 115 வோல்ட்ல நின்னுக்கிட்டே இருக்கும், நீங்க அதுல கை வெப்பீங்க. எர்த் உசிரைக் காப்பாத்துறதுக்கு. அதனால மெஷின், பேனல், சப்ளை எர்த் எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துக் கட்டுங்க.

அப்புறம் வேலை. மோட்டார் கேபிள் ஷீல்டுக்கு ரெண்டு முனையிலயும் முழுச் சுத்துக் கிளாம்ப், மோட்டார் பக்கம் கேபிள் நுழையிற இடத்துல மெட்டல் கிளாண்டு. சிக்னல் கேபிளை அதுகிட்ட இருந்து ஒரு அடியாவது தள்ளி ஓட்டுங்க, குறுக்கே போகணும்னா செங்குத்தா. லிமிட் ஸ்விட்சுக்குப் போற வயரும் வர வயரும் ஒண்ணா முறுக்கின ஜோடியா இருக்கட்டும். அந்த ஷீல்டை இப்போதைக்குப் பேனல் பக்கம் மட்டும் கட்டினாப் போதும். ரெண்டு பக்கமும் கட்டலாமான்னு கேட்டா, மெஷின் ஃபிரேமும் பேனலும் நல்லா இணைஞ்சிருந்தா கட்டலாம், இல்லேன்னா அந்த ஷீல்டுலயே வேண்டாத கரண்ட் சுத்தும். 5 வோல்ட் இன்புட் கிட்ட 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் ஃபில்டரா போட்டா 0.1 மில்லி செகண்டுக்குக் குறைஞ்ச துள்ளல் அடங்கிடும். நம்ம நாய்ஸ் அதுல ஆயிரத்துல ஒரு பங்குதான். ஸ்விட்சுக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்ல. ஆனா இதைக் கடைசியாப் போடுங்க. முதல்லயே போட்டா கிளாம்ப் சரியா உக்காந்துச்சான்னு உங்களுக்குத் தெரியாமலே போயிடும்.

கிளாம்ப் போட்டதும் ஸ்பிண்டிலை ஓட்டிப் பாருங்க. அப்பவும் அலாரம் வந்தா, ஷீல்டு கிளாம்ப்புக்குள்ள எப்படி உக்காந்திருக்குன்னு தெரியற மாதிரி கிட்ட வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.