சீதத்தின் பக்கம் நின்று

'சீதம்' என்றதும் நமக்குப் பேதிதான் ஞாபகம் வரும். பாவம், நோயின் பெயரில் மாட்டிக்கொண்ட சொல். நோயில்லாத நாளிலும் குடலின் உட்புறம் முழுக்க வழவழவென்று அதுதான் பூசியிருக்கிறது. இன்று அதற்காகத்தான் வாதாட வந்திருக்கிறேன்.

பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டிக்கு ரோட்டா வைரஸைக் கொடுத்தால் வயிறு கழியும். இரண்டு வாரம் தாண்டிய பிறகு கொடுத்தால் தொற்று வரும், பேதி வராது. கன்று, பன்றிக்குட்டி, நம் குழந்தைகள் எல்லாரிடமும் அந்த வைரஸ் இளசைப் பார்த்துத்தான் பாய்கிறது. வளர வளர என்ன மாறுகிறது?

நோயெதிர்ப்பு முதிர்கிறது என்பீர்கள். சரிதான். குடல் செல்கள் வேகமாக உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன, அதுவும் உண்டு. ஆனால் வைரஸ் செல்லைத் தொடுவதற்கு முன்பே ஒரு காரியம் நடந்துவிடுகிறது.

சீதத்தை நெய்வது மியூசின் என்னும் புரதம். புரதம் என்று பெயர்தான். எடையில் சுமார் 80 விழுக்காடு சர்க்கரை. பாட்டில் கழுவும் பிரஷ்ஷை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுக்கம்பி புரதம், சுற்றிலும் சிலிர்த்து நிற்பவை சர்க்கரைச் சங்கிலிகள். செல்லுக்குள் நுழைய ரோட்டா வைரஸ் தேடிப் பிடிப்பதும் செல்லின் மேலுள்ள சர்க்கரையைத்தான். வழியிலேயே அதே சாயலில் சர்க்கரை நீட்டிக்கொண்டிருந்தால்? பிடித்துக்கொள்கிறது, மாட்டிக்கொள்கிறது. குடல் அசைவு சீதத்தோடு சேர்த்து அதை வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே சீதத்தைச் சுவர் என்பதைவிடப் பொறி என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பச்சிளம் குடலில் இந்தப் பொறி இன்னும் முழுதாக விரிக்கப்படவில்லை. குடலில் பாக்டீரியாக்கள் குடியேறக் குடியேறத்தான் சீதம் தடிக்கிறது. கிருமியே அண்டாத கூண்டில் வளர்த்த எலிகளுக்குச் சீதம் மெலிந்திருப்பதைக் கண்டுதான் இது புரிந்தது. அதுவரை? தாய்ப்பாலிலும் மியூசின் இருக்கிறது. அது ரோட்டா வைரஸைத் தடுக்கிறது என்று 1992-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். தன் சரக்கு தயாராகும்வரை குட்டி தாயிடம் கடன் வாங்கிக்கொள்கிறது!

பால் மறக்கும் பருவத்தில் இன்னொன்றும் நடக்கிறது. எலிகளின் மியூசினில் சியாலிக் அமிலம் என்ற ஒருவகைச் சர்க்கரை குறைந்து, ஃபியூகோஸ் என்ற இன்னொரு சர்க்கரை கூடுகிறது. விலங்குகளைத் தாக்கும் ரோட்டா வைரஸ்களில் பல சியாலிக் அமிலத்தைப் பிடிப்பவை. மனிதர்களைத் தாக்குபவற்றில் சில ஃபியூகோஸ் உள்ள சர்க்கரைகளை நாடுபவை. சர்க்கரை மாறினால் பொறி ஒரு வைரஸுக்கு இறுகலாம், இன்னொன்றுக்குத் தளரலாம். ஆக, 'வயது ஏறினால் சீதம் பலப்படும்' என்று ஒரே வரியில் முடித்துவிட நான் தயாரில்லை. எந்த விலங்கு, எந்த வைரஸ், எந்தச் சர்க்கரை என்று தனித்தனியாகக் கேட்டாக வேண்டும்.