கோயில் நடந்து வந்த ஊர்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் புல்வெளியில் கெஸல் என்று ஒரு சிற்றூர். அறுநூறு பேர்கூட இல்லை. 1874இல் ருஷ்யாவிலிருந்து வந்திறங்கிய மெனோனைட் கிறிஸ்தவர்கள் உழுது உண்டாக்கிய மண் அது. அந்த ஊரை வாழவைத்தது வயலா, விசுவாசமா என்பதுதான் இன்றைய வழக்கு.

வயலே என்று எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். அவர்கள் கொண்டுவந்த 'துருக்கிச் சிவப்பு'க் கோதுமையைப் பற்றிச் சொன்னார். இலையுதிர் காலத்தில் விதைத்தால் பனிக்கடியில் உயிரைப் பிடித்துக் கிடந்து, கோடை கொளுத்துவதற்கு முன்பே அறுப்புக்கு வந்துவிடும் கோதுமை. கான்சாஸுக்குக் கோதுமை மாநிலம் என்ற பெயரை வாங்கித் தந்த கோதுமை. உண்மை. நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், நடுவர் அவர்களே. அந்தக் கோதுமை அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததே! இன்றைய உக்ரைனில், மொலோச்னா ஆற்றுப் பக்கத்தில், உலகமே பேசும் கரிசல் பூமியில் அரை நூற்றாண்டாக விளைவித்தவர்கள்தானே? வயல்தான் வாழவைக்கும் என்றால், வீட்டையும் தொழுவத்தையும் தோட்டத்தையும் விற்றுவிட்டு ஏன் கப்பல் ஏறினார்கள்?

ஏறியதற்குக் காரணம் துப்பாக்கி. ஆயுதம் எடுப்பதில்லை என்பது அவர்கள் நெறி. பதினாறாம் நூற்றாண்டில், இவர்களுக்குப் பெயர் தந்த மதத் தலைவர் மென்னோ சைமன்ஸ் காலத்திலிருந்து வருவது. ஜார் அரசு முன்பு அதற்கு விலக்குக் கொடுத்திருந்தது. 1870களில் எல்லோருக்கும் கட்டாய ராணுவச் சேவை என்று சட்டம் மாறியது. பிறகு, "படைக்கு வேண்டாம், காட்டு வேலைக்கு வாருங்கள்" என்று அரசு இறங்கி வந்தது. அதை ஏற்றுப் பலர் தங்கிவிட்டார்கள். ஏற்க மனம் வராதவர்கள், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், கிளம்பினார்கள்.

மொலோச்னாவில் நிலமில்லாதவர்களும் இருந்தார்களே, நிலம் தேடி வந்திருக்கலாமே என்று எதிரணி கேட்கும். இருந்தார்கள். ஆனால் கெஸல் மண்ணுக்கு வந்தவர்கள் விட்டுவந்த மொலோச்னா ஊரான அலெக்சாண்டர்வோலில் நடந்ததைப் பாருங்கள். நிலம் உள்ளவர், இல்லாதவர், முதியவர், கைக்குழந்தை என்று ஏறக்குறைய சபை முழுவதுமே மூப்பர் யாக்கோபு புல்லர் பின்னால் புறப்பட்டது. சுமார் 800 பேர், இரண்டு கப்பல்கள். நிலம் தேடிப் போகிறவன் தனக்கு மட்டும் சீட்டு வாங்குவான். இவர்கள் பக்கத்து வீட்டு ஏழையையும் சேர்த்துக் கூட்டிப் போனார்கள். அமெரிக்காவில் முன்பே குடியிருந்த மெனோனைட்டுகள் 1873இல் ஒரு குழு அமைத்து, வழிச்செலவுக்கு வழியில்லாதவர்களுக்குக் கடன் ஏற்பாடு செய்தார்கள். இது எந்த வயலில் விளைந்த பணம், நண்பர்களே? வருகிறவர்கள் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள் கொடுத்த பணம்!

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்போம். இவர்கள் வந்து நின்ற இடத்தில் ஊரே இல்லை. அந்தக் கோடையில்தான் வெட்டுக்கிளிப் படை கான்சாஸ் பயிரை மொட்டையடித்திருந்தது. சான்டா ஃபே ரயில் கம்பெனி கட்டிக்கொடுத்த நீண்ட கொட்டகைகளில் குடும்பம் குடும்பமாக ஒண்டிக்கொண்டார்கள். அந்தக் கொட்டகையிலேயே ஆராதனை. ஆலயக் கட்டடம் எழுந்தது 1886இல். பன்னிரண்டு வருடம் கோயில் எங்கே இருந்தது? ஜனங்களுக்குள் இருந்தது. பெட்டியில் ஒரு சபைப் பதிவேடு இருந்தது. பிரஷ்யா என்ற ஜெர்மானிய நாட்டில் எழுதத் தொடங்கி, ருஷ்யாவுக்குப் போய், கான்சாஸுக்கு வந்து சேர்ந்த பதிவேடு. நாடு மூன்று, சபை ஒன்று. அதைத் திறந்து பார்க்கிறவருக்குப் பாட்டன் பூட்டன் பெயர் தெரியும். கோயில் நடந்து வந்தது என்று நான் சொல்வது இதைத்தான்.

முதலில் ருஷ்யாவில் இருந்தது போலவே தெருவாக வீடு கட்டி, நிலத்தை வரிவரியாகப் பிரித்து உழுதார்கள். அந்த ஏற்பாடு சில ஆண்டுகளில் கலைந்தது. ஆளுக்கொரு பண்ணை என்று தள்ளித் தள்ளிப் போனார்கள். வயலின் அமைப்பு உடைந்தது, சபை உடையவில்லை.

ரயில் கம்பெனிதான் ஊரை உண்டாக்கியது என்று இரண்டாவதாகப் பேசியவர் சொன்னார். சுமார் 30 லட்சம் ஏக்கரை அரசிடமிருந்து மானியமாகப் பெற்று வைத்திருந்த கம்பெனி அது. விற்க ஆள் தேடியது. அந்த நிலத்தைப் பற்றி என் பக்கத்தார் தயங்கும் ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் புல்வெளி 'கா' என்ற அமெரிக்கப் பழங்குடியினர் வேட்டையாடிய பூமி. 1873இல், இவர்கள் வருவதற்கு ஒரு வருடம் முன்பு, கா மக்களை அரசு கான்சாஸைவிட்டே வெளியேற்றியது. துரத்தப்பட்டவர்கள் வந்து இறங்கியது, துரத்தப்பட்டவர்கள் விட்டுப்போன மண்ணில். விசுவாசத்துக்காகப் பேசுகிறேன் என்பதற்காக இதை மறைத்தால் என் பேச்சே பொய்யாகிவிடும்.

ரயில் கம்பெனிக்கு வருவோம். அது எல்லோருக்கும்தான் நிலம் விற்றது. கோதுமையும் சில ஆண்டுகளில் எல்லோர் வயலிலும் வந்துவிட்டது. எல்லோருக்கும் பொதுவானது இந்த ஊரை மட்டும் எப்படித் தாங்கியிருக்கும்?

1918க்கு வாருங்கள். முதல் உலகப் போர். போருக்கு முன் ஒரு டாலரை ஒட்டி விற்ற ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ, கோதுமை இரண்டு டாலரைத் தாண்டி விற்கிறது. வயல் பொன்னாகக் கொட்டுகிறது. வாயை மூடிக்கொண்டு, போர்ச் செலவுக்கு அரசு விற்ற கடன் பத்திரம் வாங்கி, பிள்ளைக்குச் சீருடை மாட்டிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. இவர்களில் பலர் மறுத்தார்கள். எதிரி மொழியான ஜெர்மன் பேசுகிற துரோகிகள் என்று போர்வெறிக் கும்பல்கள் ஆலயச் சுவர்களில் மஞ்சள் பெயின்ட் அடித்தன. பக்கத்து மாவட்டத்தில் மெனோனைட்டுகள் மீது தார் பூசி இறகை ஒட்டின. ராணுவ முகாமில் உத்தரவுக்குப் பணியாத பையன்கள் சிறைக்குப் போனார்கள். அத்தனை விளைச்சலும் அந்த இரவுகளில் அவர்களுக்கு என்ன பாதுகாப்புத் தந்தது, சொல்லுங்கள்!

நிறைவாக, எதிரணியின் வயலுக்கே வருகிறேன். ருஷ்யாவில் தங்கிவிட்டவர்கள் இருந்தார்களே, அதே இனம், அதே கோதுமை, அதைவிட நல்ல மண். புரட்சியும் உள்நாட்டுப் போரும் கடந்து 1921, 22இல் அங்கே பஞ்சம். கரிசல் பூமியில் சோறில்லை. அப்போது கான்சாஸிலும் மற்ற இடங்களிலும் இருந்த மெனோனைட்டுகள் சேர்ந்து ஏற்படுத்திய நிவாரணக் குழு, 1920இல் தொடங்கியது, அங்கே கஞ்சித்தொட்டி திறந்தது. உழக் குதிரைகள் இல்லை என்று தெரிந்ததும் 50 ஃபோர்ட்சன் டிராக்டர்களைக் கப்பலேற்றி அனுப்பியது. தாத்தா விட்டுவந்த வயலை உழ, பேரன் அனுப்பிய டிராக்டர்.

அந்த டிராக்டரை அனுப்பியது வயலா, விசுவாசமா? தீர்ப்பு உங்களுடையது, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.