உரலில் வரும் கிழவி

அவையோர்க்கு வணக்கம்.

பாபா என்றதும் நமக்குத் தாடி வைத்த ஒரு மகான்தான் நினைவுக்கு வருவார். ரஷ்ய மொழியில் அது பெண்ணைக் குறிக்கும் சொல். நான் இன்று பேச வந்திருக்கும் பாபா யாகா, ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் வரும் ஒரு கிழவி. ஒரு கால் வெறும் எலும்பு. உரலுக்குள் உட்கார்ந்துகொண்டு, உலக்கையால் உந்தி உந்தி வருவாள். துடைப்பமும் வைத்திருப்பாள், ஆனால் ஏறிப் பறப்பதற்கு அல்ல. வந்த தடத்தைப் பெருக்கி அழிப்பதற்கு. மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, மலிவு விலையில் நம் ஊருக்கு வந்த சோவியத் சிறுவர் புத்தகங்களோடு வளர்ந்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கு அவள் பழைய அறிமுகம்.

சூனியக்காரி என்று அவளை மொழிபெயர்த்துவிடுகிறோம். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. சூனியக்காரிக்கு ரஷ்யர்களிடம் தனிச்சொல் இருக்கிறது: வேத்மா. அறிதல் என்னும் பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்தது. 'வேதம்' என்ற வடசொல்லுக்கும் அதே வேர்தான். வேத்மா ஊருக்குள் இருப்பவள். பக்கத்து வீட்டுக்காரியாகக்கூட இருக்கலாம். பசுவின் மடி வற்றினால், பாலை மாயமாய்க் கறந்துகொண்டாள் என்று பழி அவள்மேல் விழும். யாகாவின்மேல் எந்த ஊரும் பழி போட முடியாது. அவள் காட்டில் இருப்பவள், அதுவும் கதைக் காட்டில்.

அவளுடைய குடிசை கோழிக்கால்களின் மேல் நிற்கிறது. வருகிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அவன், "குடிசையே, குடிசையே, காட்டுக்கு முதுகைக் காட்டு, எனக்கு முகத்தைக் காட்டு" என்று சொல்ல வேண்டும். இரண்டடி சுற்றிப் போய் வாசலைப் பார்த்தால் என்ன? விளாதிமிர் ப்ரோப் என்ற ஆய்வாளர் 1946இல் வெளியிட்ட நூலில் இதையே கேட்டார். சுற்றிப் போக முடியாது, ஏனென்றால் அந்தக் குடிசை உயிருள்ளோர் உலகுக்கும் இறந்தோர் உலகுக்கும் நடுவே உள்ள வாசல் என்றார். உள்ளே கிழவி ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நீட்டிப் படுத்திருக்கிறாள். மூக்கு கூரையில் முட்டுகிறது. பெட்டிக்குள் கிடத்திய பிணம் அப்படித்தானே இருக்கும்? வந்தவனைப் பார்த்து அவள் "ரஷ்ய வாடை அடிக்கிறது" என்கிறாளே, அது செத்தவள் மூக்குக்கு எட்டும் உயிருள்ளவனின் வாடை.

ப்ரோப் சொல்வது எனக்கு ஏற்புடையதே. ஆனாலும் யாகாவிடம் நான் ரசிப்பது அவள் நடத்தும் குடித்தனத்தை. அதற்கு அழகி வசிலீசாவின் கதையைப் பார்க்க வேண்டும். 1855 முதல் 1863 வரை அஃபனாசியெவ் என்பவர் வெளியிட்ட ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளின் பெருந்தொகுப்பில் உள்ள கதை அது.

வசிலீசாவுக்கு எட்டு வயதில் தாய் இறந்துபோகிறாள். சாகும்போது ஆசி கூறி ஒரு சின்னப் பொம்மையைக் கொடுக்கிறாள். பிறகு சிற்றன்னை வருகிறாள், இரண்டு பெண்களோடு. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, யாகாவிடம் போய் நெருப்பு வாங்கி வா என்று வசிலீசாவைத் துரத்துகிறார்கள். யாகா வீட்டு வேலி மனித எலும்பு, மேலே மண்டையோடுகள். வாசற்காலுக்கு மனிதக் கால்கள், தாழ்ப்பாளுக்குக் கைகள், பூட்டுக்குக் கூரிய பற்களுள்ள ஒரு வாய்.

உள்ளே நடப்பதோ அசல் வீட்டு வேலை. முற்றம் பெருக்கு, சமையல் செய், துணி துவை, கோதுமையில் கலந்த கருமணிகளைப் பொறுக்கு. மறுநாள், மண் கலந்த கசகசாவை ஒவ்வொரு மணியாகச் சுத்தம் செய். பத்துப் பேருக்கான சாப்பாட்டைக் கிழவி தனியாகத் தின்றுவிட்டு, இவளுக்குக் கொஞ்சம் முட்டைக்கோஸ் சூப்பும் ஒரு ரொட்டித் துண்டும் இறைச்சியில் ஒரு விள்ளலும் மிச்சம் வைக்கிறாள். வேலையை எல்லாம் பொம்மை முடித்துவிடுகிறது. எந்த மாமியாரும் குறை சொல்ல வழியில்லை. அந்த எரிச்சல் கிழவிக்கு.

பிறகுதான் உண்மையான பரீட்சை. "ஏன் ஊமை மாதிரி நிற்கிறாய்? கேட்பதைக் கேள். ஆனால் எல்லாக் கேள்வியும் நல்லதில் முடியாது, அதிகம் அறிந்தால் சீக்கிரம் கிழடாவாய்" என்கிறாள். வழியில் பார்த்த மூன்று குதிரைவீரர்களைப் பற்றி வசிலீசா கேட்கிறாள். வெள்ளையன் என் பகல், சிவப்பன் என் சூரியன், கறுப்பன் என் இரவு என்று பதில் வருகிறது. பகலையும் இரவையும் வேலைக்கு வைத்திருப்பவளை வெறும் சூனியக்காரி என்று எப்படிச் சொல்வது?

அந்த வீட்டுக்குள்ளேயே வசிலீசா இன்னொன்றையும் பார்த்திருக்கிறாள்: அழைத்ததும் அந்தரத்தில் தோன்றி, தானியத்தை எடுத்துச் சென்ற மூன்று ஜோடிக் கைகள். அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. "வெளியில் பார்த்ததை மட்டும் கேட்டாய், நல்லது. என் வீட்டுக் குப்பை வெளியே போவது எனக்குப் பிடிக்காது" என்கிறாள் கிழவி. இப்போது அவள் முறை: இவ்வளவு வேலையை எப்படி முடித்தாய்?

"என் தாயின் ஆசி துணை நிற்கிறது."

அவ்வளவுதான். ஆசி பெற்றவர்கள் எனக்கு வேண்டாம், வெளியே போ என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறாள். தள்ளினாலும், கேட்டு வந்ததை மறக்கவில்லை பாருங்கள். வேலியிலிருந்து கண்ணெரியும் ஒரு மண்டையோட்டைக் கம்பில் செருகிக் கையில் கொடுக்கிறாள்: "இந்தா, உன் சிற்றன்னையின் பெண்களுக்கு நெருப்பு."

வீட்டில் அந்தக் கண்கள் மூவரையும் எங்கே ஒளிந்தாலும் விடாமல் பார்த்தன. விடிவதற்குள் மூவரும் கரியானார்கள். காலையில் வசிலீசா மண்டையோட்டை மண்ணில் புதைத்தாள், வீட்டைப் பூட்டினாள், நகரத்துக்கு நடந்தாள்.