அக்காவுக்குத்தானே சீக்கு?

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, 30 ஆண்டுகள் இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்த்தவன் நான். லூப்பஸ் நோயாளியைவிட, அவர் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உடன்பிறப்பைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன்.

கிருமியைத் தாக்க வேண்டிய வெள்ளை அணுக்கள், சொந்த உடம்பு அணுக்களின் கருவையே பகையென்று எண்ணி எதிர்ப்பொருள் உண்டாக்குவதே இந்நோய். தோல், மூட்டு, சிறுநீரகம் எதையும் அது விட்டுவைப்பதில்லை. நோயாளிகள் 10 பேரில் ஏறத்தாழ 9 பேர் பெண்கள்.

ஓர் ஆய்வுக்காக, பால்மரம் சீவும் ஒரு பெண்ணிடம் இரத்தம் எடுக்கப் போனேன். "எனக்கு ஒன்னும் இல்லையே அண்ணே, அக்காவுக்குத்தானே சீக்கு?" என்றார். இரத்தம் உறையாதிருக்கக் குழாயில் மருந்து தடவியிருப்பதைச் சொன்னதும், "ஓ, பாலுக்கு அமோனியா ஊத்துற மாதிரியா!" என்று கையை நீட்டிவிட்டார். அதைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. அந்த இரத்தத்தைச் சுழற்றினால் நடுவே வெண்மையாக ஒரு வளையம் நிற்கும். நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்த அணுக்கள் சாகுமுன் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறைய வைப்போம். பாலைப் போலவே இதுவும் காத்திருக்காது.

சரி, தங்கையின் இரத்தம் எதற்கு? ஒரே கருமுட்டையிலிருந்து உருவான இரட்டையரில் ஒருவருக்கு லூப்பஸ் வந்தாலும், மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ 4 இணைகளில் 1 இணையில்தான். நோயே இல்லாத உறவினர் பலருக்கும் அதே எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறது. அமெரிக்கப் படைவீரர்களின் சேமித்த இரத்தத்தைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வில், பின்னாளில் லூப்பஸ் வந்த 130 பேரில் 88 விழுக்காட்டினருக்கு, நோய் கண்டறியப்படுமுன்னரே ஏதேனுமோர் எதிர்ப்பொருள் தோன்றியிருந்தது. அப்படியானால் தங்கையிடம் நோயைக் கட்டிப்போட்டிருப்பது எது? உறவினரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், நோய் வராதவர்களிடம் அழற்சியை அடக்கும் பொருள்கள் கூடுதலாக இருந்தன. நோயாளியின் அணுவை மட்டும் பார்த்தால் தீ தெரியும். தீ ஏன் பக்கத்து வீட்டுக்குப் பரவவில்லை என்பது தெரியாது. திரும்பவும் சொல்கிறேன், நமக்குத் தங்கையின் இரத்தமும் வேண்டும்.

மலேரியாவுக்கென வந்து, இன்று லூப்பஸுக்கு முதன்மை மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினின் கதையையும் எடுத்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால், நேரம் முடிந்ததென்று ஒரு விரல் உயர்ந்துவிட்டது. அம்மருந்தை உட்கொள்பவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம், மருத்துவர் சொல்லும் தவணையில் கண் பரிசோதனைக்குப் போங்கள். வணக்கம்.