வெட்டிய மண் மூடுவதற்குள்

வணக்கம், நேயர்களே. நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். கல்லையும் மண்ணையும் பார்ப்பதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற ஒரு சிறு குழுவில் இருக்கிறேன், அதைப் பற்றிப் பேசத்தான் இன்று கூப்பிட்டிருக்கிறார்கள். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொன்னாலே பாதி விஷயம் புரிந்துவிடும். கல்குவாரியில் வெடி வைக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஐயா, மண் லாரி ஓட்டுகிற ஒரு தம்பி, தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், செம்பனைத் தோட்டத்து மண்டோர், அதாவது கண்காணி ஒருவர், படிக்கிற பிள்ளைகள் சிலர், அப்புறம் நிலவியல் படித்துப் பட்டம் வாங்கி அதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர். படித்தவர்கள் பேச மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிற குழு இல்லை இது. லாரித் தம்பி போன் பண்ணினால்தான் படித்தவர்களுக்கே வேலை வரும்.

ஏன் என்றால், நம் மலேசியாவில் பாறையைப் பார்ப்பதே பெரிய பாடு. மழை குறைந்த நாடுகளில் மலை மொட்டையாக நிற்கும், எட்ட இருந்தே அடுக்கடுக்காகப் பார்த்துவிடலாம். இங்கே வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து கருங்கல்லையே மக்க வைத்துவிடுகின்றன. அதில் இருக்கிற ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிவிடும், குவார்ட்ஸ் என்ற கனிமம் மட்டும் நறநறவென்று பருமணலாகத் தங்கிவிடும். சில இடங்களில் 30 மீட்டருக்கு மேல் தோண்டினால்தான் கெட்டிப் பாறையே தட்டுப்படும். அதற்கு மேலே காடு, இல்லாவிட்டால் கித்தா என்கிற ரப்பர், இல்லாவிட்டால் செம்பனை. ஆக, பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் யாராவது வெட்டியிருக்க வேண்டும். சாலை போட மேட்டை அறுத்த இடம், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டின குழி, பெரிய வாய்க்கால், குவாரி, ஈயச் சுரங்கம் (ஈயம் என்று நாம் சொல்வது வெள்ளீயத்தை), இவைதான் எங்களுக்கு ஜன்னல். அந்த ஜன்னல்களும் ரொம்ப நாள் திறந்திருக்காது. சாலை மேட்டில் புல் பதித்துவிடுவார்கள் அல்லது சிமெண்ட் அடித்துவிடுவார்கள், அஸ்திவாரக் குழி சில வாரத்தில் மூடிவிடும், சுரங்கத்தில் தண்ணீர் நிறைந்துவிடும். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ உட்கார்ந்திருக்கிற நிலவியலாளருக்கு அந்தக் குழி தோண்டியதே தெரியாமல் போகும். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கிறவருக்குத் தெரியும். எங்கள் குழுவுக்கு இதுதான் காரணம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஈப்போவுக்குத் தெற்கே இருக்கிற கம்பாரைச் சொல்ல வேண்டும். சுந்தரலிங்கம் என்ற நிலவியலாளர் கம்பாருக்கு மேற்கே இருக்கிற பாறை அடுக்குகளை ஆராய்ந்து 1968இல் எழுதினார். அந்த அடுக்குகளுக்கு அவர் வைத்த பெயர்களைக் கேளுங்கள்: கிம் லூங், தாய் ஓன், குவான் ஓன், நாம் லூங், எச்.எஸ். லீ. எல்லாமே ஈயச் சுரங்கங்களின் பெயர்கள். சுரங்கக்காரர்கள் ஈயத்துக்காக மேல்மண்ணை எல்லாம் வாரி எடுத்தபோது அடியில் சுண்ணாம்புக்கல் தரை வெளியே வந்தது, அதில் பழைய கடலின் சிப்பிகளும் நத்தைகளும் பவளங்களும் கல்லாகிக் கிடந்தன. ஏறத்தாழ 40 கோடி ஆண்டிலிருந்து 27 கோடி ஆண்டு வரைக்குமான கதை அந்த அடுக்குகளில் இருக்கிறது. ஈப்போவையும் கம்பாரையும் உள்ளடக்கிய கிந்தா சமவெளியின் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி, பக்கத்தில் ஏறி வந்த கருங்கல்லின் சூட்டில் வெந்து பளிங்காக மாறிவிட்டதால் இப்படிப் புதைபடிவம் கெடாமல் கிடைப்பது அபூர்வம். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து விழுந்த பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, பம்புகள் நின்றன, அந்த வட்டாரத்துக் குழிகளில் பல இன்று ஈயக்குட்டைகள், சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள், சில இடங்களில் வீடுகள். திறந்திருந்த காலத்தில் ஒருவர் இறங்கிப் பார்த்து, எழுதி, கல்லுக்குச் சீட்டு ஒட்டி வைத்ததால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. எழுதப்படாமல் மூழ்கினவை எத்தனை இருக்கும் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

சரி, ஈயம் எப்படி அங்கே வந்தது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் கிழக்கே தெரிகிற பெரிய மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இரண்டு நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதி இந்தத் தீபகற்பம் ஒட்டிக்கொண்ட சமயத்தில், பூமிக்கு அடியில் உருகிய குழம்பாக ஏறி வந்து இறுகியது. நாம் இருக்கிற மேற்குத் துண்டு, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்திருந்த அந்தப் பழைய தென்பெருநிலத்தின் ஓரத்திலிருந்து பிரிந்து வந்தது. குழம்பு இறுகும்போது கடைசியில் மிஞ்சிய சூடான நீர் விரிசல்களில் ஓடி, காசிட்டரைட் என்ற ஈயத் தாதுவை அங்கங்கே விட்டுச் சென்றது. மலை தேயத் தேய அந்தத் தாது ஆறுகளில் இறங்கியது. மணலைவிட அது இரண்டரை மடங்குக்கு மேல் கனம், அதனால் அரிசி களையும்போது கல் அடியில் தங்குகிற மாதிரி அது அடியிலேயே தங்கிவிட்டது. அடியில் இருந்ததோ குண்டும் குழியுமாக, கூர் கூராக அரித்த சுண்ணாம்புக்கல் தரை, ஒவ்வொரு இடுக்கும் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. பத்து காஜா பக்கத்தில் தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கிற அந்தப் பெரிய ஈயக் கப்பல், அதாவது தண்ணீரில் மிதந்துகொண்டே மண்ணை வாரி ஈயத்தைப் பிரித்த இயந்திரம், 1938இல் கட்டியது, 4,500 டன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், அவ்வளவு பெரிய இயந்திரம் எதைத் தேடி மண்ணைக் குடைந்தது என்று அந்த இடத்திலேயே சொன்னால் மறக்க மாட்டார்கள்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார், அவருடைய அம்மா மணலைச் சுழற்றி ஈயம் பிரிக்கிற டூலாங் தட்டு பிடித்தவர். அக்கா ஆற்று மணலை ஒரு கை எடுத்துத் தட்டைச் சுழற்றினால் வெள்ளை மணல் எல்லாம் ஓடிப்போய் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு நிற்கும். அந்தக் கறுப்பில் எது ஈயம், எது இல்மனைட் என்ற வேறு கறுப்புத் தாது என்று பூதக்கண்ணாடி வைத்துச் சொல்வது படித்தவர் வேலை. இரண்டு கையும் சேர்ந்தால்தான் அந்தக் கோடு என்னவென்று தெரியவரும். அப்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அதிகமாக எங்களிடம் வருகிற கேள்வி, இது தங்கமா என்பதுதான். ஆற்று மணலில் மஞ்சளாக மினுமினுத்தால் அது பெரும்பாலும் மக்கிய மைக்கா, அதாவது அப்ரகம். ஊசியால் அழுத்திப் பாருங்கள், மைக்கா தகடு தகடாக உரியும், தங்கம் உடையாமல் பள்ளம் விழும். தட்டில் சுழற்றினால் மைக்கா முதல் ஆளாக ஓடிவிடும், தங்கம் அசையாது. தங்கம் பகாங்கில் இருக்கிற ரவூப் பக்கம், மலைக்கு அந்தப் புறம். நம் பக்கத்துப் பேறு ஈயம்.

வெள்ளைக் கல் கிடைத்தால் வினிகர் ஒரு சொட்டு விடுங்கள், அதற்கு முன்னால் கத்தியால் கொஞ்சம் சுரண்டித் தூளாக்கிக்கொள்ளுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல் அல்லது பளிங்கு. நுரைக்காமல், கத்தியும் கீறாமல் இருந்தால் அநேகமாக குவார்ட்ஸ். இதற்கு மேல் எந்தக் கருவியும் ஆரம்பத்தில் வேண்டாம்.

ஆனால் ஒன்று வேண்டும், அதை நாங்கள் விடவே மாட்டோம். எடுத்த கல்லோடு இடத்தின் பெயர், தேதி, எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்று எழுதின சீட்டு இருக்க வேண்டும். படம் எடுத்தால் பக்கத்தில் 20 காசு வைத்து எடுங்கள், அளவு தெரியும். சீட்டு இல்லாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரிக்குத்தான் உதவும், அடுத்து ஆராய வருகிறவருக்கு உதவாது. மக்கள் கல்லைச் சேர்ப்பதில் காட்டுகிற ஆசையை எழுதுவதில் காட்டினால் இந்தக் கிந்தா சமவெளியின் வரைபடம் இன்னும் எவ்வளவோ தெளிவாகும் என்று நான் நம்புகிறேன்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதுசு இல்லை. எந்தக் காட்டில், அதாவது தோட்டத்தின் எந்தப் பிரிவில், மண் நறநறக்கும், எந்தக் காட்டில் மழைக்கு வழுக்கும் என்று கால் வைத்தே சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நறநறக்கிற மண் கருங்கல்லிலிருந்து வந்தது, மண் ஆராய்ச்சிக்காரர்கள் அதை ரெங்கம் வகை என்கிறார்கள், கித்தாவுக்கு நல்ல மண். தோட்டத்துச் சாலையில் போட்ட சிவந்த பொறிக்கல் இரும்பு சேர்ந்து இறுகிய செம்பூரான் கல். எங்கள் மண்டோர் ஒரு பழைய தோட்டத்தின் காடுகளை எண் வாரியாகச் சொல்லச் சொல்ல, தொழில்முறைக்காரர் ஒருவர் அதை வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தார். பாறை மாறுகிற கோடும் மண் மாறுகிற கோடும் பெரும்பாலும் ஒட்டி வந்தன. அந்தப் பெரியவர்களுக்கு வயசாகிறது, அவர்கள் சொல்வதையும் எழுத வேண்டும்.

இப்போது எச்சரிக்கை. சுண்ணாம்பு மலையின் செங்குத்துச் சுவருக்கு அடியில் நிற்காதீர்கள், உட்காராதீர்கள், சாப்பிடாதீர்கள். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் குனோங் செரோவை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். 1973இல் அந்த மலையிலிருந்து பிளந்து விழுந்த பாறை கீழே இருந்த நீண்ட வீட்டை நசுக்கியது, சுமார் 40 பேர் இறந்தார்கள். சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைக்கும், விரிசல் வழியே உள்ளே போய்க் கரைக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மலையடியில் கிடைமட்டமாக உள்ளே குடைந்த பள்ளம் ஓடுவதைப் பார்ப்பீர்கள், அதுவும் நீர் கரைத்ததுதான், மேலே இருக்கிற பாறைக்கு அங்கே தாங்கல் இல்லை. குவாரிக்குள் அனுமதி இல்லாமல் போகவே கூடாது, அனுமதி இருந்தாலும் தலைக்கவசம் இல்லாமல் கூடாது. இதில் எங்கள் குவாரி ஐயா யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்க மாட்டார், நானும் அவர் பக்கம்தான். வீட்டுக்குப் பின்னால் மேடு விரிசல் விட்டிருக்கிறது, வந்து பாருங்கள் என்றும் சிலர் கூப்பிடுகிறார்கள். அதற்கு நாங்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. 2008ஆம் ஆண்டு நிலவியலாளர் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் சொல்ல வேண்டும், யாரிடம் போவது என்று வழி மட்டும் காட்டுவோம்.

குகைக்குள் போனால் எதையும் உடைக்காதீர்கள். கோப்பெங் பக்கத்துக் குவா தெம்புரோங்கில் தொங்குகிற ஒவ்வொரு சுண்ணாம்புத் தூணும் சொட்டுச் சொட்டாக ஆயிரக்கணக்கான ஆண்டு வளர்ந்தது, கை எண்ணெய் பட்டாலே வளர்ச்சி கெடும். கிந்தா சமவெளி 2018இல் தேசிய நிலப்பூங்கா (ஜியோபார்க்) ஆனது, அந்த மரியாதையை நாமும் கொடுக்க வேண்டாமா? கல்லைக் கையில் எடுக்காமல் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஈப்போவில் நிலவியல் அருங்காட்சியகம் இருக்கிறது, 1957இல் தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் அங்கே போகாமல் நேராகக் கடைத்தொகுதிக்குப் பஸ் விடுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. எங்கள் பக்கத்தில் ஒரு பழைய கித்தாக் காட்டை அழித்து வீடு கட்ட மேட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். லாரித் தம்பிதான் பார்த்துச் சொன்னார்: ஒரு பக்கம் மக்கிய கருங்கல், மறு பக்கம் வெள்ளைப் பளிங்கு, நடுவே பச்சையும் பழுப்புமாக ஒரு பட்டை. இரண்டும் சந்தித்த இடம் அது, இந்த வட்டாரத்தில் அப்படி முழுசாகத் திறந்து நான் பார்த்ததில்லை. வேலை நடத்துகிறவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டோம், வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலை போகிறோம், அடுத்த மாதம் அங்கே தடுப்புச் சுவர் எழும்பிவிடும். வர நினைக்கிறவர்கள் இந்த நிகழ்ச்சியை நடத்துகிற தங்கையிடம் பெயர் கொடுத்துவிடுங்கள், அவர் எங்களிடம் சேர்த்துவிடுவார். சிலிப்பர் வேண்டாம், மூடிய சப்பாத்து போட்டு வாருங்கள், நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொண்டு வாருங்கள், மழையில் பேனா மை அழிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் ஒருவர் கூட வர வேண்டும். நன்றி, வணக்கம்.