பார்த்துத்தான் ஆசை வருகிறது!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். சின்னக் குழந்தைக்கு விளையாட்டின் மேல் ஆசை வருவது பெரியவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதாலா, களத்தில் இறங்கி ஆடுவதாலா என்பது கேள்வி. பார்ப்பதால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் உலக சுகாதார நிறுவனத்தைத் துணைக்கு அழைத்தார். 2019-இல் அந்த நிறுவனம் சொன்னது இதுதான்: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கால்பந்தில் ஒரு பாதி எவ்வளவு? 45 நிமிடம். அதைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்துவிடலாமே! ஐந்து நாள் டெஸ்ட் மேட்சைக் குழந்தை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று எங்கள் அணியில் யாரும் கேட்கவில்லை.

கையில் போனைக் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துபோவதும், மடியில் வைத்துக்கொண்டு மேட்ச் பார்ப்பதும் ஒன்றா, நடுவர் அவர்களே? மேட்ச் ஓடும்போது குழந்தை வாய் ஓய்வதே இல்லை. "அவர் ஏன் கையைத் தூக்குறார்?" "நாம யார் பக்கம்?" என் மகளுக்கு ஐந்து வயது. ஜெயிக்க எட்டு ரன் வேண்டும் என்றால் எட்டு விரலை விரித்து வைத்துக்கொள்வாள். ஒரு ரன் ஓடினால் ஒரு விரல் மடங்கும். பவுண்டரி போனால் நாலு விரலும் ஒரே மூச்சில் மடங்கும். கழித்தல் கணக்கை அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். மேட்ச் நடக்கும்போது குழந்தை பாதி நேரம் டிவியைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைப் பார்க்கிறது. நாம் எதற்குத் துள்ளுகிறோம், எதற்கு வாடுகிறோம் என்று பார்த்துப் பார்த்துத்தான் அதற்கும் பிடித்துப்போகிறது. அம்பயரை நாம் திட்டினால் அதையும் கற்றுக்கொள்ளும். அந்தப் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டு பேசுகிறேன். 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நினைவிருக்கும். இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஆளுக்கு 241. சமன் ஆனதால் ஆளுக்கு ஒரு ஓவர் ஆடிய சூப்பர் ஓவரிலும் ஆளுக்கு 15. கடைசியில் பவுண்டரியை எண்ணி, 26-க்கு 17 என்று கோப்பையை இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். தோற்கவே இல்லாமல் கோப்பையை இழந்த நியூசிலாந்து கேப்டன் வில்லியம்சன் யார் மீதும் பாயவில்லை. "இது நியாயமாப்பா?" என்று குழந்தை கேட்டால், அந்த விதியை அதே ஆண்டில் மாற்றிவிட்டார்கள் என்றும் சொல்லலாம். விதி தப்பாக இருந்தாலும் ஆடியவர் நிதானம் இழக்கவில்லை என்றும் காட்டலாம். களத்தில் தானே தோற்று அழுதுகொண்டிருக்கும் ஐந்து வயதுக் குழந்தையிடம் இதைப் பேச முடியுமா? அப்போது தூக்கி வைத்துக்கொள்ளத்தான் முடியும்.

"பார்த்துக்கொண்டே இருந்தால் சோம்பேறி ஆகிவிடும்" என்றார்கள். டோக்கியோ ஒலிம்பிக் உயரம் தாண்டுதல் பதிவை மகளுக்குப் போட்டுக் காட்டினேன். கத்தாரின் பர்ஷிம், இத்தாலியின் தம்பேரி, இருவரும் 2.37 மீட்டர் தாண்டினார்கள். எங்கள் வீட்டு வாசற்கதவைவிட உயரம் என்றதும் எழுந்து போய்க் கதவை அண்ணாந்து பார்த்தாள். அடுத்த உயரத்தில் இருவருக்கும் மூன்று முறையும் தவறியது. வேண்டுமானால் மறுபடி தாண்டி முடிவு பண்ணலாம் என்றார் நடுவர். இரண்டு தங்கம் கிடைக்குமா என்று கேட்டார் பர்ஷிம். கிடைக்கும் என்றதும் தம்பேரி அவர் மேல் பாய்ந்து கட்டிக்கொண்டார். "ரெண்டு பேருமே ஃபர்ஸ்ட்டா?" என்று மகள் நம்பாமல் கேட்டாள். அப்புறம் என்ன, கூடத்தில் தலையணைகள் அடுக்கப்பட்டன. ஓடி வந்து தாண்டுகிறாள், விழுகிறாள், மறுபடி ஓடுகிறாள். இதுவா சோம்பேறித்தனம்?

உயரம் தாண்டுதல் என்று ஒன்று இருப்பதையே பார்க்காத குழந்தை அதற்கு எப்படி ஆசைப்படும்? களத்தில் இறக்குங்கள் என்கிறார்கள் எதிரணியினர். இறக்குவோம். ஆனால் எந்தக் களம் என்பதை நாமே முடிவு செய்துவிட்டு, நம் ஆசையைக் குழந்தையின் தலையில் கட்டிவிடக் கூடாது. நாலு விளையாட்டைச் சேர்ந்து பார்த்தால், எதைப் பார்க்கும்போது அது எழுந்து நிற்கிறது என்று பக்கத்தில் இருக்கும் நமக்குத் தெரிந்துவிடும். தீர்ப்பை எங்கள் பக்கம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.